மத்தியின் வயிற்றுக் கணக்கு

முதலில் கற்றுக்கொடுத்தது கத்தரிக்கோல் பிடிக்க. மீனின் மலத்துளையில் முனையை நுழைத்து, செவுள்வரை தோலை மட்டும் வெட்ட வேண்டும். ஆழம் போனால் சினை கிழியும். அந்த மீனின் எடைக்கு அப்புறம் மதிப்பில்லை. கோழிக்கோட்டில், புதியாப்பா துறைமுகத்திலிருந்து வந்த நெய்மத்திதான் எங்கள் பாடம். சொல்லித்தந்த சேட்டனுக்குப் பேச்சு குறைவு. வயிற்றைத் திறந்து என் பக்கம் திருப்பி வைப்பார், “நோக்கு” என்பார்.

பார்க்க வேண்டியவை இரண்டு: குடலைச் சுற்றிய கொழுப்பு, அதற்கு மேலே கிடக்கும் சினை. ஐப்பசி, கார்த்திகை மீனில் வெள்ளைக் கொழுப்பு குடலையே மூடியிருக்கும். விரலில் எண்ணெய் பிசுபிசுக்கும், சோப்புக்கும் போகாது. சினை மெல்லிய இழையாக ஒட்டியிருக்கும். ஆனி, ஆடியில் அப்படியே தலைகீழ். வயிறு கொள்ளாத சினை; கொழுப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முட்டை விட்டு முடித்த மீனில் இரண்டுமே இருக்காது, ரத்தம் கன்றித் தொளதொளத்த பை மட்டும் மிஞ்சும்.

சினையை உறிஞ்சுதாளில் ஒற்றி, எடை போட்டு, உடல் எடையில் நூற்றுக்கு எத்தனை என்று குறிப்போம். பக்கத்துக் கட்டத்தில் கொழுப்பின் அளவு. மாதவாரியாகப் பார்த்தால் ஒன்று ஏற ஒன்று இறங்கும். 1920களில் மதராஸ் மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெலும் நாயுடுவும் மலபார்க் கரையில் மத்தியின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள். நாங்கள் பார்த்ததும் அதே மீன், அதே கரை.

தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கரையில் அடிநீரை மேலே இழுக்கிறது. அதிலுள்ள சத்தில் டயாட்டம் என்னும் நுண்பாசி பெருகுகிறது. மத்தி அதைச் செவுளால் வடிகட்டித் தின்கிறது. ஒமேகா-3 கொழுப்பு வருவது அந்தப் பாசியிலிருந்தும் அதை மேயும் நுண்விலங்குகளிலிருந்தும்தான். கடல்மீன்களின் உடம்பு அதைத் தானாகச் செய்வது மிகக் குறைவு. சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கு எரிபொருளாகிறது. இன்னொரு பங்கு கல்லீரல் வழியாக முட்டையின் கருவுக்குப் போகிறது. குஞ்சின் கண்ணும் மூளையும் உருவாக அந்த ஒமேகா-3 வேண்டும். தாயின் உணவு தரமாக இல்லை என்றால், எண்ணிக்கையில் முட்டை இருந்தும் பயனில்லை.

எல்லாச் சிறு மீனும் இப்படியல்ல. மத்தியதரைக் கடலில் மத்தியின் உறவான சாளை, பத்தாயத்தை நிரப்பி வைத்துச் செலவழிக்கும் குடும்பம். நெத்திலி அன்றாடங்காய்ச்சி, முட்டையிடும் நாட்களில் கிடைக்கும் இரையை நம்பியே முட்டை விடும். எனக்கென்னவோ நெத்திலியின் துணிச்சல்தான் பிடிக்கும்.

மீண்டும் நம் மத்திக்கு வருவோம். கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021இல் 3,297 டன்னுக்கு விழுந்தது. பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச நீளம் அங்கே சட்டப்படி 10 செ.மீ. மத்தி முதல் சினை பிடிப்பதோ சுமார் 15 செ.மீ.யில். அளவுகோலில் தேறிய 10 செ.மீ. மீனைக் கிழித்தால், சினைக் கட்டத்தில் எழுத அநேகமாக ஒன்றும் இருக்காது.