ஆடு தொடா இலை

திருகோணமலையில் வீடு கட்டுகிறவன் மதிலைப் பற்றி யோசிக்கும்போது கள்ளனோடு சேர்த்து மானையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்கு மான் என்றால் வில்பத்து, யால. ஜீப்பில் ஏறிப்போய்ப் பார்க்கிற காட்சி. எங்களுக்கோ அது கடைத்தெருவில் நின்று வாழைப்பழத்தோல் தின்கிற பிராணி.

1624இல் போர்த்துக்கேயர் கட்டி, பின்னர் ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795இல் ஆங்கிலேயர் பிடித்த பிரட்றிக் கோட்டைதான் இந்தப் புள்ளிமான்களின் தலைமையகம். கோணேசர் கோயிலுக்குப் போய்வருவோர் நீட்டுவதைத் தின்று தின்று அவற்றுக்கு ஆள்பயம் விட்டுப்போயிற்று. பொழுது சாய்ந்தால் கூட்டமாக ஊருக்குள் இறங்கிவிடும்.

மாரி காலத்தில் பெரிய தொல்லையில்லை. புள்ளிமானுக்கு முதல் உணவு புல்தான். கச்சான் காற்று வீசத் தொடங்கி, வைகாசி, ஆனியில் புல் காய்ந்து மஞ்சளாகும்போதுதான் அது தலையை நிமிர்த்தி நம்முடைய வளவைப் பார்க்கிறது. எங்கள் உம்மாவின் ரோசாக்கண்டுகள் ஒரே இரவில் குச்சியாகிப் போனது அப்படியொரு ஆனி மாதத்தில். செவ்வரத்தையில் மொட்டுக்கூட மிஞ்சவில்லை. மானின் மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அதனால் அது தண்டை வெட்டாது, பிய்த்து இழுக்கும். காலையில் நாரும் தோலும் தொங்கிய கொப்புகளைத் தடவிக்கொண்டு உம்மா கொஞ்சநேரம் பேசாமல் நின்றா.

எங்கள் ஒழுங்கையில் ஒருவர் மீன்பிடி வலையை வேலியாகக் கட்டினார். பழைய நைலோன் வலை, செலவில்லை. ஒருநாள் சுபஹு தொழுதுவிட்டு வரும்போது அந்த வலையில் ஓர் இளங்கிடாய் கொம்பு சிக்கித் துள்ளிக்கொண்டிருந்தது. நாலைந்து பேர் சேர்ந்து சாரத்தைக் கழற்றி அதன் கண்ணை மூடி, மீன் வெட்டுகிற கத்தியால் வலையை அறுத்துவிட்டோம். கொம்பில் சுற்றியிருந்த துண்டை எடுக்க அது விடவில்லை. உதறிக்கொண்டு ஓடிவிட்டது. அதன்பிறகு பல கிழமைகள் அந்த நீலத்துண்டு தொங்கத் தொங்க அதைத் தெருவில் கண்டோம். கிடாய்க்கு ஆண்டுதோறும் கொம்பு விழுந்து முளைக்கும். கொம்போடுதான் அந்த வலையும் விழுந்திருக்க வேண்டும். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி மானைப் பிடிப்பதோ கொல்வதோ குற்றம். ஆனால் அன்று காலை எங்களில் எவருக்கும் சட்டம் ஞாபகம் வரவில்லை. அந்தக் கண்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வழி சொன்னது உம்மாதான். “ஆடு தொடாதத மான் தொடுமா மகன்?” என்றா.

யோசித்தால் சரியான கேள்வி. ஆடும் மானும் அசைபோடுகிற சாதி. கசப்பைத் தாங்குவதில் ஆடு ஒரு படி மேல். ஆடே ஒதுக்கினால் மானும் ஒதுக்கும் என்று நம்பலாம். நம்முடைய மொழி அந்தச் செடிக்குப் பெயரே அப்படித்தான் வைத்திருக்கிறது. ஆடு தொடா இலை என்பதே ஆடாதோடை ஆயிற்று என்பார்கள். இருமலுக்கு அவித்துக் குடிக்கிற அதே செடிதான். ஐப்பசி மழை தொடங்கியதும் முற்றிய தண்டுகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி வேலியோரம் நெருக்கமாக ஊன்றினோம். அடுத்த கச்சானுக்குள் இடுப்பளவு வளர்ந்தது.

அதற்கு உள்ளே பட்டிப்பூ. வெள்ளையும் ஊதாவும் வருடம் முழுக்கப் பூக்கும். விதை தானாக விழுந்து முளைக்கும். இலையைக் கிள்ளி வாயில் வைத்தால் மான் ஏன் ஒதுங்குகிறது என்பது விளங்கும். அந்தக் கசப்பைத் தரும் பொருட்களின் குடும்பத்திலிருந்துதான் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டீன், வின்பிளாஸ்டீன் மருந்துகளை எடுக்கிறார்கள். கபுறடியில் நடுகிற பூ என்று நம்மவர் சிலர் வீட்டில் வைக்கத் தயங்குவார்கள். உம்மா அதைக் கேட்கவில்லை.

மூன்றாவது வரிசை மணமுள்ளவை: கற்பூரவள்ளி, துளசி, எலுமிச்சைப்புல், ரம்பை. மான் கண்ணைவிட மூக்கை நம்புகிற பிராணி. கடும் மணமுள்ள எண்ணெய்கள் அதன் இரைப்பையில் உணவைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களைக் கெடுக்கக்கூடியவை. அதனால் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். 2020இல் மஞ்சளுக்கு விலை ஏறி, எல்லோரும் வளவில் மஞ்சள் நட்ட காலத்தில் நாங்களும் நட்டோம். எங்கள் பாத்தியில் மான் அதை ஒருநாளும் தொடவில்லை.

இரண்டை நடவில்லை. அலரியை மான் நெருங்காது. ஆனால் அதன் இலை, பூ, விதை எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. பேரப்பிள்ளைகள் ஓடித்திரிகிற வளவுக்கு அது சரிவராது. நாயுண்ணியையும் மான் விரும்பாது. ஆனால் அதை வேலிக்கு வைத்தால், குருவி விதையைக் காவிப்போய்க் காட்டில் போடும். அங்கே அது புல்லை மூடிப் படர்ந்தால் மானுக்கு இருக்கிற மேய்ச்சலும் போய்விடும்.

இதெல்லாம் செய்தும் முழுக் காவல் கிடைத்துவிடாது. பசி முற்றினால் மான் கசப்பையும் கடிக்கும். குட்டிகளோ எதையும் ஒருதரம் ருசிபார்க்காமல் விடா. ஆனால் ருசிபார்த்துத் துப்பிய இலை ஒன்றிரண்டோடு போய்விடும். உள்ளே உம்மாவின் ரோசா மறுபடி தளிர்த்துவிட்டது.

பள்ளிவாசலில் ஒரு நானா என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். ஒரு முஸ்லிம் நட்ட மரத்தில் மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது அவனுக்குத் தர்மமாகும் என்பது நபிமொழி. “நீங்க என்னண்டா மான் தின்னாததாப் பாத்துப் பாத்து நடுறீங்களே தம்பி?”

கேலிதான். ஆனாலும் அந்தக் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது.

எங்கள் ஊரில் மான் சாவது பசியால் மட்டுமல்ல. வாகனம் மோதிச் சாகிறது. நாய் கடித்துச் சாகிறது. செத்த மான்களின் வயிற்றில் பொலித்தீன் பைகள் உருண்டு கிடந்திருக்கின்றன. கறி மணக்கிற பையை அது சோற்றோடு சேர்த்து விழுங்குகிறது. வளவுகளிலும் குப்பைகளிலும் தீனி தேடப் பழகப் பழக அது தெருவுக்கு நெருக்கமாகிறது, சாவுக்கும் நெருக்கமாகிறது. ஆகவே கசக்கிற இலையைக் காட்டி அதைத் திருப்பியனுப்புவதும் இரக்கத்தில் சேர்த்தியென்றே நினைக்கிறேன். வலை கொம்பைப் பிடிக்கிறது. ஆடாதோடை போ என்று மட்டும் சொல்கிறது. குப்பை வாளிக்கு இறுக்கமான மூடி போடுவதையும் நான் இந்தத் தோட்டவேலையில்தான் சேர்க்கிறேன்.

நானாவுக்குக் கொடுக்க இன்னொரு பதிலும் இருக்கிறது. எங்கள் வேலிக்கு வெளியே ஒரு நாவல் மரம் நிற்கிறது. ஆடி மாதத்தில் பழம் மணலில் கொட்டும்; இரவில் மான்கள் வந்து பொறுக்கும். அதை நட்டவர் வாப்பா. அவர் மௌத்தாகிப் பல வருடங்கள். அந்தப் பழங்களை நாங்கள் கூட்டி அள்ளுவதில்லை. அந்தக் கணக்கு அவருக்கே போய்ச்சேரட்டும்.