தெரிந்ததைத் தெரியாத மொழியில்

கல்லூரிகள் திறக்கும் ஜூன் மாதத்தில் திருச்சி மாநகரின் சாலைகளுக்குப் புதிய இளமை வந்துவிடுகிறது. முசிறி, இலால்குடி, மணப்பாறை, துறையூர் என்று சுற்றிலுமுள்ள ஊர்களிலிருந்து பேருந்துகள் பிள்ளைகளைச் சுமந்துவந்து இறக்குகின்றன. 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரியும், 1923இல் எழுந்த புனித சிலுவைக் கல்லூரியும், அவற்றை அடுத்து வளர்ந்த எத்தனையோ கல்விக் கூடங்களும் இந்நகருக்குக் கல்வி நகரம் என்னும் பெயரை ஈட்டித் தந்துள்ளன. வந்திறங்கும் பிள்ளைகளுள் பலர், தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள்.

ஆனால் ஆடி பிறப்பதற்குள் அவர்களுள் சிலரது முகம் வாடிவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் கற்ற கணக்கும் அறிவியலும் ஒரே நாளில் அயல்மொழி உடை உடுத்து வந்து நிற்கின்றன. நேற்றுவரை நண்பனாயிருந்த பாடம் இன்று அறிமுகமற்ற அந்நியனாகிறது. அறிவுக் குறைவால் வரும் துன்பமன்று இது. எனினும் துன்புறும் பிள்ளை அதைத் தன் அறிவுக் குறைவென்றே எண்ணிக்கொள்கிறது. இங்குதான் ஆபத்து இருக்கிறது.

திருவானைக்காவலில் எங்கள் பங்கு மண்டபத்தில் நாள்தோறும் மாலை வகுப்பு நடைபெறுகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர் பொறுப்பேற்று நடத்துகின்றனர். வருகின்ற பிள்ளைகளில் பாதிப்பேர் நம் கோயிலுக்கு வருபவர்கள். மீதிப்பேர் ஆனைக்கா கோயில் வீதிகளில் குடியிருக்கும் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு மாலையில், இயற்பியல் முதலாண்டில் சேர்ந்திருந்த மாணவி ஒருத்தி தன் தாயோடு வந்தாள். தாய் பூக்கட்டி விற்றுக் குடும்பத்தைத் தாங்குபவர். "ஃபாதர், கிளாஸ்ல ஒண்ணுமே புரியல. படிப்ப நிறுத்திட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போயிடலாம்னு இருக்கேன்" என்றாள் மகள். தாயோ, "சாமி, பன்னெண்டாம் வகுப்புல இயற்பியல்ல இவதான் முதல் மார்க்கு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் 1888இல் பிறந்தது இதே திருவானைக்காவலில்தான். அந்த ஊரில், இயற்பியலை விரும்பிய ஒரு பெண் மொழியின் பொருட்டு இயற்பியலைக் கைவிடுவதா?

ஆசிரியைகளும் நானும் இணையத்தில் தேடத் தொடங்கினோம். ஆங்கிலம் கற்பிக்க இலவசமாகக் கிடைக்கும் பொருள்கள் அங்கே கொள்ளிடத்து வெள்ளம்போல் பெருகிக் கிடக்கின்றன. வெள்ளத்தை அப்படியே அள்ளிக் குடிக்க எவராலும் இயலாது. கோடையில் ஆற்று மணலைத் தோண்டி ஊற்றெடுக்கும் நம் பெண்கள், சிறு குழியில் ஊறும் தெளிந்த நீரைத்தான் அகப்பையால் மொண்டு குடத்தில் நிரப்புவர். தேடலிலும் அத்தகைய பொறுமை வேண்டியிருந்தது.

கிடைத்தவை நல்லவையே. 1943ஆம் ஆண்டிலேயே வானொலி வழியாக ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிய பி.பி.சி. நிறுவனம், இன்று தன் இணையதளத்தில் ஆறு நிமிட உரையாடல்களை வழங்குகிறது. பேசப்படும் சொற்கள் எழுத்து வடிவிலும் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் கவுன்சிலின் தளம், பாடங்களைத் தொடக்க நிலையிலிருந்து படிப்படியாகப் பிரித்து வைத்துள்ளது. ஆசிரியர்களுக்கெனத் தனித் தளமும் உண்டு. அமெரிக்காவின் குரல் வானொலி 1959இல் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலிஷ்' நிகழ்ச்சியோ, ஏறத்தாழ 1500 சொற்களை மட்டுமே கையாண்டு, குறுகிய வாக்கியங்களில், நிறுத்தி நிதானமாகச் செய்திகளைச் சொன்னது.

இவை யாவும் பயன்மிக்கவை என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும் அந்த மாணவிக்குரிய முதற்படி இவற்றில் இல்லை. இலண்டன் மழையைப் பற்றியும் அந்நாட்டு அலுவலக நடப்புகளைப் பற்றியும் கேட்கும்போது அவள் இரு சுமைகளை ஒருங்கே தூக்க வேண்டியிருந்தது: மொழியும் புதிது, பொருளும் புதிது. இரண்டில் ஒன்றையேனும் இறக்கி வைத்தால்தான் நடக்க முடியும்.

இங்கே என் குருமட நாள்கள் நினைவுக்கு வந்தன. நானும் சிற்றூரில் தமிழ்வழியில் படித்தவன். மெய்யியலும் இறையியலும் ஆங்கில நூல்கள் வழியாகவே கற்பிக்கப்பட்டன. முதலாண்டில் ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க ஒரு மாலைப்பொழுது தேவைப்பட்டது. வயது முதிர்ந்த பேராசிரியர் ஒருவர் எனக்கு எளிய வழியொன்றைக் காட்டினார். மாற்கு நற்செய்தியைத் தமிழில் ஓர் அதிகாரம் படிப்பது. அதே அதிகாரத்தை உடனே ஆங்கிலத்தில் படிப்பது. அகராதியைக் கடைசியில்தான் தொடுவது. சிறுவயது முதல் கேட்டுப் பழகிய நிகழ்ச்சிகளாதலின், ஆங்கிலச் சொல்லின் பொருளை வாக்கியமே சொல்லிக் கொடுத்தது. பதினாறு அதிகாரங்கள் முடிந்தபோது, ஆங்கிலம் எனக்குத் தோழமையாகாவிட்டாலும் பகைமை நீங்கியிருந்தது.

அந்தப் பேராசிரியர் காட்டிய வழி பழையது. நம் மண்ணில் வேரூன்றியது. இத்தாலியில் 1680இல் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர், தமக்குப்பின் தமிழ் கற்க வருவோரின் இடர்ப்பாட்டை நன்கறிந்தவர். அவர்களுக்கெனப் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. தமிழுக்கு 1732இல் சதுரகராதியை அளித்த அவரே, தமிழ்-இலத்தீன் அகராதியும் தொகுத்தார். அவற்றோடு நின்றாரில்லை. பரமார்த்த குருவின் கதையைத் தமிழில் எழுதி, இலத்தீன் மொழிபெயர்ப்பையும் உடன் சேர்த்தார். சிரித்துக்கொண்டே படிக்கலாம், ஐயம் எழுந்தால் தமக்குத் தெரிந்த மொழியில் பார்த்துக்கொள்ளலாம். அக்கதை 1822இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பொருள் பட்டியலோடும் வெளிவந்து, ஆங்கிலேயருக்கும் தமிழ்ப் பாடநூலாயிற்று. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் எழுத்தில் வேறுபடுத்திக் காட்டிய அவரது சீர்திருத்தமும் கற்பவர்க்குப் பெரிதும் துணையாயிற்று. அயலவராய் வந்து கற்றவருக்குத்தான் கற்பவர் இடறும் கல் எதுவென்று தெரியும்.

இந்த வெளிச்சத்தில் மீண்டும் தேடியபோது, வேண்டிய பொருள் நம் வீட்டு முற்றத்திலேயே இருந்தது. தமிழ்நாட்டு அரசின் பதினோராம் வகுப்புப் புதிய பாடநூல்கள் 2018இலும், பன்னிரண்டாம் வகுப்பு நூல்கள் 2019இலும் வெளிவந்தன. தமிழ்வழி, ஆங்கிலவழி ஆகிய இரு பதிப்புகளையும் இணையத்திலிருந்து எவரும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஒரே பாடம், ஒரே படம், ஒரே கணக்கு. மொழி மட்டுமே வேறு. அந்த மாணவி பன்னிரண்டாம் வகுப்பில் கரைத்துக் குடித்த இயற்பியல் நூலின் ஆங்கிலப் பதிப்பை, நாள்தோறும் இரண்டு பக்கம் வீதம், தமிழ்ப் பதிப்பை அருகில் வைத்துக்கொண்டு படிக்கச் சொன்னோம். 'விசை' என்பது 'ஃபோர்ஸ்' என்றும், 'முடுக்கம்' என்பது 'ஆக்சிலரேஷன்' என்றும், 'உந்தம்' என்பது 'மொமென்டம்' என்றும் அவள் மனப்பாடம் செய்யவில்லை. பழைய நண்பர்களைப் புதிய பெயரில் சந்தித்தாள், அவ்வளவே. பட்டியலிட்ட சொற்களைக் காட்டிலும், அவற்றைக் கோத்துத் தரும் வாக்கியங்கள், 'ஆகையால்', 'எனக் கொள்வோம்', 'இதிலிருந்து பெறப்படுவது' போன்றவை, ஆங்கிலத்தில் எவ்வாறு வருகின்றன என்பது அவளுக்குப் பிடிபட்டது. வகுப்பறையில் விரிவுரையைத் தொடர்வதற்குத் தேவைப்பட்டவை பெரும்பாலும் இவையே.

சிறுவர்களுக்கும் இதே வழி பயன்படுகிறது. 'பிரதம் புக்ஸ்' என்னும் தொண்டு நிறுவனம் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில், படக்கதைகள் நான்கு படிநிலைகளாகத் தமிழ், ஆங்கிலம் உள்ளிட்ட பல மொழிகளில் உள்ளன. அச்சிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுப்பதற்குத் தடையேதுமில்லை. முதல் நாள் தமிழில் கேட்ட கதையை மறுநாள் ஆங்கிலத்தில் விரிக்கும்போது, அடுத்து வருவது என்ன என்று பிள்ளைகள் முந்திக்கொண்டு சொல்கிறார்கள். பள்ளிப் பாடநூல்களிலுள்ள கியூ.ஆர். குறியீடுகளும், பள்ளிக்கல்வித் துறை 2023இல் வெளியிட்ட 'மணற்கேணி' செயலியும் வகுப்புப் பாடங்களைக் காணொலியாகக் கைப்பேசிக்குக் கொண்டுவருகின்றன. சொல்லுக்குப் பொருள் காணத் தமிழ் விக்சனரி உதவுகிறது.

ஆயினும் கடல் கடந்த தளங்கள் எவையும் தமிழ்ப் பிள்ளையின் நாவு எங்கே இடறும் என்பதை எண்ணி எழுதப்பட்டவை அல்ல. நம் எழுத்தில் 'பிக்' என்று எழுதினால் அது பன்றியா, பெரியதா என்று தெரியாது. ஆங்கிலத்திலோ முதலெழுத்தின் ஒலி மாறினால் பொருளே மாறிவிடும். 'ஸ்கூல்' நம் வாயில் 'இஸ்கூல்' ஆகிறது. முட்டையைக் குறிக்கும் 'எக்' என்பது 'யெக்' ஆகிறது. 'மேசையின்மேல்' என்று நாம் பெயருக்குப்பின் சொல்வதை அவர்கள் பெயருக்குமுன் சொல்கின்றனர். 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்று நாம் சொல்லும் இடத்தில், 'நான் ஒரு தம்பியை உடையேன்' என்ற போக்கில் ஆங்கிலம் பேசுகிறது. வினைச்சொல்லுக்காக நாம் வாக்கியத்தின் இறுதிவரை காத்திருப்போம்; ஆங்கிலம் அதை இடையிலேயே வைத்துவிடும். இவற்றை எடுத்துக்காட்ட, தமிழும் ஆங்கிலமும் அறிந்த ஒருவர் பிள்ளையின் அருகில் அமர வேண்டும்.

கற்பிக்கும் முறையிலும் நம் பகுதிக்குப் பெருமையுண்டு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு அவர்கள், 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை முயற்சியை நடத்தினார். இலக்கண விதிகளை வரிசையாக ஒப்பிக்கச் செய்யாமல், நிலப்படத்தையும் கால அட்டவணையையும் கொடுத்து, விடை காணச் செய்தார். பொருளில் கருத்தூன்றும்போது மொழி தானே படியும் என்பது அவர் கொள்கை. 'பெங்களூர்த் திட்டம்' என்ற பெயரில் அம்முயற்சி உலகெங்குமுள்ள மொழியாசிரியர்களால் பேசப்படுகிறது. எங்கள் வகுப்பில், சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து திருவரங்கம் செல்லும் ஒன்றாம் எண் பேருந்தின் வழித்தடத்தை வரைந்து, எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, மலைக்கோட்டைக்கு எப்படிப் போவது என்று ஆங்கிலத்தில் வழி கேட்கவும் சொல்லவும் பழக்குகிறோம். ஊர் தெரிந்த ஊர்; மொழிதான் புதிது.

இன்று மொழிபெயர்க்கும் கருவிகளும், கேட்டதற்கெல்லாம் விடையளிக்கும் செயற்கை நுண்ணறிவும் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. ஒரு கடினமான வாக்கியத்தை எளிதாக்கித் தரும்படி அவற்றைக் கேட்பது நன்று. ஆனால் பிள்ளை எழுத வேண்டியதை அவையே எழுதிக் கொடுத்தால், ஊன்றுகோல் காலுக்குப் பதிலாகிவிடும். முதலில் நீ எழுது, பிறகு கருவியிடம் காட்டு, அது ஏன் திருத்தியது என்று என்னிடம் சொல். இதுவே எங்கள் வகுப்பின் ஒழுங்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இணையத்தில் இருப்பது என்றும் இருக்கும் என்று எண்ணலாகாது. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் ஆணையைத் தொடர்ந்து அமெரிக்காவின் குரல் நிறுவனத்தின் பணியாளர்கள் ஏறக்குறைய அனைவரும் விடுப்பில் அனுப்பப்பட்டனர். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எளிய ஆங்கிலம் பேசிய ஒரு குரலுக்கு அந்த நிலை நேர்ந்தது. நல்லதெனக் கண்டதை உடனே பதிவிறக்கி வைப்பதும், தாளில் அச்சிட்டு வைப்பதும் அறிவுடைமை.

அந்த மாணவி படிப்பை நிறுத்தவில்லை. முதற்பருவத்தில் இரண்டு தாள்கள் நின்றுபோயின. அடுத்த பருவத்தில் அவற்றையும் எழுதித் தேறினாள். மெதுவாகப் பேசும் ஒலிப்பதிவுகளும் ஆறு நிமிட உரையாடல்களும் அதன் பிறகுதான் அவளுக்குத் துணையாயின. ஆங்கிலத்தில் இன்றும் தயங்கித் தயங்கித்தான் பேசுகிறாள். ஆனால் அந்தத் தயக்கத்தைத் தன் அறிவின் அளவுகோலாக அவள் இப்போது கொள்வதில்லை.

தூய வளனார் கல்லூரியில் 1950 முதல் 1954 வரை பயின்ற டாக்டர் அப்துல் கலாம் அவர்கள், தம் வாழ்க்கை வரலாற்றில் அருட்தந்தை சேக்கேரா அவர்களை நினைவுகூர்கிறார். ஆங்கில ஆசிரியரும் அவரே, விடுதிக் காப்பாளரும் அவரே. வகுப்பில் கற்பித்தவர் மாலையிலும் அருகில் இருந்தார். இணையம் தரவியலாத பொருள் அதுவொன்றே.

அதைத் தருவதற்கு நம் பங்குகளில் ஆளில்லையா? பெரும்பாலான பங்குகளில் மாலையில் பூட்டிக் கிடக்கும் ஒரு மண்டபம் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரேனும் இருப்பார். பழைய கணினி ஒன்றும் அச்சுப்பொறி ஒன்றும் திரட்டுவது அரிதன்று. வரும் ஜூன் மாதத்திற்குள் இவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, முதலில் வந்து நிற்கும் பிள்ளையிடம், "உனக்கு நன்றாகத் தெரிந்த பாடம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.