நான் கொல்லச் சொன்ன பாம்பு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நான் படையல்ல, ஒரு வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியை. ஆகவே நடுங்கியதோடு நிற்காமல் பெருங்கூச்சலும் போட்டேன்.

போன வருஷம் ஐப்பசி மாதம் நடந்த சங்கதி இது. ஏற்காட்டுக்கு அப்பால் மஞ்சக்குட்டையில், காப்பித் தோட்டத்து விடுதி ஒன்றில் தங்கியிருந்தோம். நான், என் கணவர், மாமியார், ஒன்பது வயதுப் பெண் மீனு. இரவெல்லாம் மழை. காலையில் கதவைத் திறந்தால், வாசற்படியருகே ஒரு சாணுக்குச் சற்று அதிக நீளத்தில் கறுப்பாக ஏதோ நெளிந்தது. தோட்ட வேலை பார்க்கும் பெரியவர் தடியோடு ஓடி வந்தார்.

"அடிச்சிடட்டுங்களா அம்மா?"

"சீக்கிரம் அடியுங்கள்!" என்றேன். ஒரே அடிதான்.

மீனு மட்டும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து செல்போனில் படம் பிடித்தாள். "அம்மா, இதுக்கு வாலைக் கத்தியாலே சீவின மாதிரி இருக்கே! ஏன் அப்படி?" என்று கேட்டாள்.

நான் படித்தது ஆங்கில இலக்கியம். பாம்பின் வாலைப் பற்றி அதில் ஒன்றும் வராது. "கடவுள் அப்படிப் படைத்திருக்கிறார்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். மாமியார் பலமாகத் தலையை ஆட்டி ஆமோதித்தார். எங்களுக்குள் இப்படி அபிப்பிராய ஒற்றுமை ஏற்படுவது அபூர்வம்.

சென்னைக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இரவு அடுக்களை ஒழித்த பிறகு கம்ப்யூட்டரின் முன் உட்கார ஆரம்பித்தேன். முதல் பத்து நாள் தண்டம். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டு, குரங்கு படிப்படியாக மனிதனாகும் படத்தைக் காட்டும் உபந்நியாசங்களே அகப்பட்டன. பிறகுதான் நல்ல இடங்களுக்கு வழி தெரிந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துத் தொல்லுயிர்க் காட்சிசாலை, பரிணாமத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்படி விளக்கும் பக்கங்களை 2004 முதல் நடத்தி வருகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஸ்டேர்ன்ஸ் என்ற பேராசிரியர் 2009-இல் வகுப்பில் நடத்திய முப்பத்தாறு பாடங்களை அப்படியே படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். 'டார்வின் ஆன்லைன்' என்ற இடத்தில் டார்வினின் நூல்கள் அத்தனையும் கிடைக்கின்றன. எதற்கும் தம்பிடி கொடுக்க வேண்டாம். வேண்டியது ஆங்கிலமும் தூக்கம் துறக்கும் மனமும்தான். தமிழில் இவ்வளவு கிடைக்காதது எனக்குப் பெரிய குறையாகத்தான் பட்டது.

"யாரம்மா இந்த வெள்ளைக்காரர், தினமும் ராத்திரி வருகிறாரே?" என்று மாமியார் விசாரித்தார். "வாத்தியார்" என்றேன். "இந்த வயசிலா!" என்றார். என் வயதைச் சொன்னாரா, அவர் வயதைச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் அதுவரை நினைத்திருந்தது அடியோடு தப்பு. மண்ணைத் தோண்ட ஆசைப்பட்டதால் பாம்பின் வால் மாறிவிடவில்லை. குட்டிகளுக்குள் சிறு சிறு வித்தியாசங்கள் தாமாகவே ஏற்படுகின்றன. எந்த வித்தியாசம் பிழைக்க உதவுகிறதோ, அதை உடையவை அதிகமாகப் பெருகுகின்றன. இப்படியே எண்ணற்ற தலைமுறைகள்! 1859-இல் வெளிவந்த டார்வினின் பெரிய நூலில் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. அது கிளை கிளையாகப் பிரியும் ஒரு வரைபடம். ஏணி அல்ல. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று.

ஒரு நாள் மீனுவின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். கேடயவால் பாம்பு! இந்தக் குடும்பத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. மண்ணுக்குள் வாழும்; மண்புழுவைத் தின்னும்; குட்டி போடும். விஷம் இல்லை. சொரசொரப்பான அந்த மொட்டை வாலில் மண் அப்பிக்கொண்டு, பின்னால் வரும் எதிரிக்கு வளையை அடைத்துவிடும். மீனுவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கோயமுத்தூரிலிருந்து வெளிவரும் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையை எவரும் இலவசமாகப் படிக்கலாம். அதில் 2014-இல் எஸ். ஆர். கணேஷும் இரண்டு சகாக்களும் எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. சேர்வராயன் மலைப் பாம்பு ஒன்றுக்கு 1863-இல் பெடோம் என்ற ராணுவ அதிகாரி, ஷார்ட் என்ற சென்னை டாக்டரின் பெயரை வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதை மேற்குத் தொடர்ச்சி மலையின் வேறொரு பாம்போடு சேர்த்து, ஒரே இனம் என்று சொல்லிவிட்டார்கள். (அந்த இன்னொரு பாம்பின் பெயரில் 'சிலோன்' இருக்கிறது, சிலோனில் அது கிடையாது! விஞ்ஞானிகளும் நம்மைப் போலத்தான்.) செதில்களை எண்ணி, அளவெடுத்து, இல்லை, இது தனி இனமே என்று நிரூபித்தது அந்தக் கட்டுரை. இதன் வீடு சேர்வராயன் மலை.

யோசித்துப் பாருங்கள். மேலே குளிர்ந்த, ஈரமான மண். கீழே சேலத்து வெயில். மண்ணுக்குள் ஊரும் பிராணி அந்த வெயிலைத் தாண்டி அடுத்த மலைக்குப் போவது எப்படி? 1835-இல் டார்வின் பார்த்த கலாபகோஸ் தீவுகளைச் சுற்றிக் கடல் இருந்தது. நம் மலையைச் சுற்றியிருப்பது பொட்டல். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி நாங்கள் போய் இறங்கியது ஒரு தீவில்தான். தெற்கே போதமலையிலிருந்து 2013-இல் இன்னொரு கேடயவால் பாம்பைப் புதிய இனமாக அறிவித்தார்கள்.

படத்தை மறுபடி பார்த்தேன். கறுப்பு உடலில் மஞ்சள் புள்ளிகள். நான் நிபுணியல்ல, என் கண்ணுக்கு அதுவேதான். அன்றிரவு எனக்குச் சாப்பாடு செல்லவில்லை. மீனுவிடம் சொன்னபோது அவள் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

பாம்பைக் கண்டால் கையில் எடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டுவிரியனும் இருக்கிற ஊர்தான் நம்முடையது. தள்ளி நின்று வழி விடலாம், அவ்வளவே.

இந்த வருஷம் மறுபடி மஞ்சக்குட்டைக்குப் போனோம். பெரியவரிடம் மீனுவே எல்லாவற்றையும் விளக்கினாள். கடைசியில் அவர், "நம்ம மலைப் பாம்புங்களா!" என்றார்; தம் பேரனைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. மூன்று நாளும் மழையில்லை. பாம்பும் வரவில்லை.

போன வாரம் அவரே டெலிபோன் செய்தார். "அம்மா, ராத்திரி நல்ல மழைங்க. காலையிலே தார் ரோட்டுக்கு ஒண்ணு வந்திருச்சு. மண்வெட்டியிலே ஏந்திக் காப்பிச் செடிக்கு அடியிலே விட்டுட்டேன்."

மீனு டெலிபோனைப் பிடுங்கிக்கொண்டாள். "தாத்தா, படம் எடுத்தீங்களா?"

"மண்வெட்டியைப் பிடிக்கவே ரெண்டு கையும் வேணுமே, பாப்பா!"