அருமையின் விலை

தமிழில் 'அரிய' என்று ஒரு சொல் உண்டு. எளிதிற் கிடைக்காதது என்பதும் அதற்குப் பொருள். மிகச் சிறந்தது என்பதும் அதற்குப் பொருள். ஒரே சொல்லில் இவ்விரண்டும் குடியிருப்பதனாலோ என்னவோ, அகப்படாத பொருளெல்லாம் உயர்ந்த பொருள் என்று நாம் மயங்கிவிடுகிறோம். இம்மயக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்த பெல்ஜியம் தேசத்தில், ஒரு பீர்ப் புட்டியை முன்னிட்டு இதைப் பற்றித் தீர்ப்புக் கூறும் பொறுப்பு நமக்கு ஏற்பட்டது.

மதுவருந்தும் பழக்கம் நமக்கு இல்லை. 'அப்படியானால் உமக்கு இதில் என்ன அதிகாரம்?' என்று வாசகர்கள் கேட்கலாம். குடிக்காதவர் என்பதற்காகவே நம்மை நடுவராக நியமித்தார்கள்! கல்லூரியில் நம்முடன் படித்த சிநேகிதர் ஒருவர் கெண்ட் நகரத்தில் வசிக்கிறார். சென்ற கோடை விடுமுறையில் அவர் இல்லத்தில் மூன்று வாரம் தங்கியிருந்தோம். அவருடைய புதல்வன் இருபது வயது மாணவன். ஓய்வு நேரங்களில் வேலை செய்து 600 யூரோ சேர்த்து வைத்திருந்தான். அத்தொகை முழுவதையும் அபூர்வமான பீர்ப் புட்டிகளில் முடக்கி, நல்ல விலைக்கு விற்றுவிடுவது அவனுடைய உத்தேசம். தகப்பனாருக்கு இதில் சம்மதமில்லை. "மாமா, நீங்களே சொல்லுங்கள்" என்று பையன் வழக்கை நம்மிடம் கொண்டு வந்தான்.

அவன் குறிவைத்திருந்த சரக்கு வெஸ்ட்வ்லெட்டரன் 12 என்பது. பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸ் பகுதியில் செயிண்ட் சிக்ஸ்டஸ் மடம் இருக்கிறது. அங்குள்ள டிராப்பிஸ்ட் துறவிகள் 1830-களின் பிற்பகுதியிலிருந்து பீர் காய்ச்சி வருகிறார்கள். மடத்தின் ஜீவனத்துக்கும் தர்மத்துக்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவே காய்ச்சுவது என்பது அவர்கள் கொள்கை. 2005-ஆம் ஆண்டில் ரஸிகர்கள் இதனை உலகிலேயே தலைசிறந்த பீர் என்று கொண்டாடியபோது, மடத்து வாசலில் கார்கள் வரிசை பிடித்து நின்றன. வேறு வியாபாரியாயிருந்தால் மறுநாளே கொப்பரைகளை இரட்டித்திருப்பான். துறவிகளோ அசையவில்லை. முன்பதிவு செய்து வருகிறவர்களுக்கு அளவாகக் கொடுத்தார்கள். வாங்கியதை மறுபடியும் விற்கலாகாது என்று நிபந்தனையும் விதித்தார்கள்.

அந்த நிபந்தனையை உலகம் மதித்ததா? 2018-ல் நெதர்லாந்து தேசத்து அங்காடி நிறுவனம் ஒன்று இடைத்தரகர் வழியாக 7,200 புட்டிகளைத் தருவித்து, புட்டி ஒன்றுக்கு ஏறக்குறைய 10 யூரோ விலை வைத்தது. மடத்து வாசலில் அப்போது அதன் விலை சுமார் 2 யூரோ! மிகுதி 8 யூரோவுக்கு ஒரு மணி வாற்கோதுமைகூட அதிகமாகச் சேரவில்லை. கிடைக்காமை ஒன்றுதான் அதற்குச் சரக்கு.

நிற்க, விலை உயர்ந்த பீர் எல்லாமே ஏமாற்று என்று நாம் சொல்ல வரவில்லை. சாராய சக்தி மிகுந்த பீருக்கு முளைவாற்கோதுமை அதிகம் வேண்டும். சிலவற்றை ஓக் மரப் பீப்பாய்களில் மாதக் கணக்கில் ஊற வைக்கிறார்கள். அதற்குள் ஒரு பகுதி ஆவியாகப் போய்விடுகிறது. அந்தச் செலவு நியாயமானது. ஆனால் 2010-ல் ஸ்காட்லாந்தில் ஒரு நிறுவனம் 55 சதவிகிதச் சாராயமுள்ள 12 புட்டிகளை மட்டும் தயாரித்து, பாடம் செய்த அணில் முதலிய பிராணிகளின் உடலுக்குள் அவற்றைச் செருகி, 500 பவுன் என்றும் 700 பவுன் என்றும் விலை கூறிற்று. அங்கே விலை பீருக்கா, அணிலுக்கா?

பையனின் வழக்கைப் பரீக்ஷையினால் தீர்க்கத் துணிந்தோம். மடத்துக்கு அருகில் வாட்டூ என்ற ஊர் இருக்கிறது. அவ்வூரின் செயிண்ட் பெர்னார்டஸ் ஆலையார் 1946 முதல் 1992 வரை மடத்தின் அநுமதி பெற்று, மடத்தின் பீரையே காய்ச்சி விற்றவர்கள். இன்று அவர்கள் தம் சொந்தப் பெயரில் விற்கும் ஆப்ட் 12 கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. சிநேகிதர் அதை 3 யூரோவுக்கும் குறைவாக வாங்கினார். பையன் தரகனிடம் 14 யூரோ கொடுத்து மடத்துப் புட்டி ஒன்றை வாங்கி வந்தான். நாம் சமையலறையில் மறைவாக ஊற்றிக் கொடுக்க, தலைக்கு நான்கு தடவை, ஒவ்வொரு மடக்காகச் சுவைத்தார்கள். சிநேகிதர் இரண்டு தடவை சரியாகச் சொன்னார். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அவ்வளவு தேறியிருக்கும். பையன் ஒரு தடவையே சொன்னான். பக்கத்து வீட்டுக் கிழவர், அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், நான்கையும் சரியாகச் சொன்னார். "வித்தியாசம் உண்டு. அதற்காக அரை யூரோ அதிகம் கொடுப்பேன், பதினொரு யூரோ கொடுக்க மாட்டேன்" என்றார் அவர்.

நாவு ஏன் இப்படி ஏமாறுகிறது? 2008-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. கலிபோர்னியாவில் சிலருக்கு ஒரே திராட்சை மதுவை 10 டாலர் என்று ஒரு முறையும், 90 டாலர் என்று மற்றொரு முறையும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்றபோது அவர்கள் அதிகம் ரஸித்தார்கள். அதுமட்டுமல்ல, மூளையில் இன்பத்தை உணரும் பகுதியும் அப்போது அதிகம் வேலை செய்தது. ஆகவே அந்த இன்பம் பொய்யன்று. ஆனால் அதனைத் தந்தது புட்டியன்று, விலைச்சீட்டு.

பையனுக்கு நாம் கூறிய தீர்ப்பு இதுதான்: "தம்பி, மடத்து விலைக்கு இந்தப் பீர் தகும், தரகன் விலைக்குத் தகாது. நீ வாங்கி விற்பதென்றால், விற்பதில்லை என்று துறவிகளுக்குக் கொடுக்கும் வாக்கை முதலில் விற்க வேண்டியிருக்கும். அதற்கு எவ்வளவு விலை வைத்திருக்கிறாய்?" அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தன் உபயோகத்துக்கென்று மட்டும் மடத்தில் பதிவு செய்துகொள்வதாகச் சொன்னான். மிகுதிப் பணம் பாங்கியிலேயே இருக்கட்டும் என்றான்.

கேட்பவர் கூட்டம் வாசலில் நிற்கும்போது, 'இவ்வளவு காய்ச்சினால் போதும்' என்று கொப்பரையை இறக்கி வைக்க எத்தனை பேரால் முடியும்? அம்மடத்தில் உண்மையிலேயே அரியது அந்தப் 'போதும்' என்ற சொல்தான். அதைப் புட்டியில் அடைத்து விற்கத் தரகர்களால் இயலாது.