அலகு எட்டாத இடம்

இறகு பிடுங்கிக்கொள்ளும் கிளியின் தலை மட்டும் அழகாக இருக்கும். நெஞ்சு, தொடை, இறக்கையின் உட்புறமெல்லாம் உரித்த கோழி மாதிரி கிடக்க, கழுத்துக்கு மேலே ஒரு இறகுகூடக் கலைந்திருக்காது. காரணம் எளிது. தன் அலகால் தன் தலையைத் தொட முடியாது. பறவை மருத்துவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். தலையிலும் இறகு போயிருந்தால் விஷயம் வேறு: அலகையும் இறகையும் தாக்கும் வைரஸ் நோயாக இருக்கலாம், அல்லது கூண்டிலிருக்கும் இன்னொரு கிளியின் வேலையாக இருக்கலாம். தலை முழுசாகவும் உடம்பு மொட்டையாகவும் இருந்தால், பெரும்பாலும் செய்தது அந்தக் கிளியேதான்.

தாம்பரத்தில் சித்தி வீட்டு மணியும் அப்படித்தான் இருந்தது. மணி ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. சிவப்பு வால், வெளிர்மஞ்சள் கண். குஞ்சிலேயே தாயிடமிருந்து பிரித்து, சிரிஞ்சில் கஞ்சி ஊட்டி வளர்த்து விற்ற கிளி. சித்தப்பா வாங்கிவந்து பத்து வருஷம் ஆகிறது. போன வருஷம் அவர் தவறிவிட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் கூண்டின் முன்னால் நின்று மொட்டை நெஞ்சைப் பார்த்து, "அவரையே நினைச்சு உருகுது பாரு" என்றார்கள். சொல்லிவைத்ததுபோல மணியும் சித்தப்பாவின் குரலிலேயே "காபி ஆச்சா?" என்று கேட்கும். கூடவே அவருடைய இருமல். வந்தவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சித்தி ஒன்றும் சொல்லமாட்டாள்.

தமிழில் கிளி வெறும் பறவையாக இருந்த நேரம் குறைவு. மீனாட்சி கையிலும் ஆண்டாள் கையிலும் கிளி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கிளியைத் தினமும் இலைகளால் புதிதாகச் செய்கிறார்கள். பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகரிடம் கிளியைத் தூது அனுப்பி ஒரு நூலே எழுதியிருக்கிறார். மரத்தடி ஜோசியரின் கிளியோ நம் தலையெழுத்தையே சீட்டாக எடுத்து நீட்டுகிறது (1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பச்சைக்கிளியை வைத்திருப்பது குற்றம், அந்தச் சீட்டு மட்டும் வரவே வராது). கிளி என்றால் யாருடைய செய்தியையாவது சுமந்துகொண்டு வரும் என்று நாம் பழகிவிட்டோம். அதன் உடம்பில் ஒரு மாற்றம் வந்தால் அதையும் நமக்கு எழுதின கடிதமாகவே படிக்கிறோம்.

ஆனால் கோதுவது என்பது கிளிக்கு அன்றாட வேலை. இறகின் நடுத்தண்டிலிருந்து கிளைக்கும் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டிருக்கின்றன, ஜிப் மாதிரி. பிரிந்த ஜிப்பை அலகால் இழுத்து மறுபடி மாட்டுவதுதான் கோதல். புது இறகு ஒரு உறைக்குள் சுருண்டு முளைக்கும். அந்த உறையை நெருடி உதிர்ப்பதும் அலகின் வேலைதான். நாளில் கணிசமான நேரம் இதற்கே போகும், போகவும் வேண்டும். வருஷாவருஷம் இறகு உதிர்வதும் இயல்பு. அப்படி விழுகிற இறகு முழுசாக, சுத்தமாக விழும். பிரச்சினை தொடங்கும்போது ஓரங்கள் கடிபட்டு ரம்பம்போல ஆகும். சில கிளிகள் அதோடு நின்றுவிடும். சில தண்டை மென்று துப்பும், சில வேரோடு பிடுங்கும். காக்கட்டூக்களில் சில தன் சதையையே கிழித்துக்கொள்ளும்.

பறவைகளைப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் மணியைக் கொண்டுபோனது நான்தான். சித்திக்கு முட்டிவலி, வரவில்லை. டாக்டர் மணியைத் தொடுவதற்கு முன்னால் கால் மணி நேரம் என்னைத்தான் விசாரித்தார். என்ன சாப்பிடுது? சூரியகாந்தி விதை, வேர்க்கடலை, எப்போதாவது ஆப்பிள். கூண்டு எங்க இருக்கு? ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். எத்தனை மணிக்குத் தூங்குது? கடைசி சீரியல் முடிந்து, பத்தரைக்கு. "பத்துலேர்ந்து பன்னெண்டு மணி நேரம் இருட்டுல தூங்கணும் சார் இது" என்றார். சூரியகாந்தி விதையில் கொழுப்புதான் அதிகம், வைட்டமின் ஏ அநேகமாக இல்லை. அது குறைந்தால் தோல் கெடும். கூண்டுக் கம்பியின் துத்தநாகப் பூச்சைக் கொறித்தால் விஷமாகும். ரத்தம், எச்சம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. "ரிப்போர்ட்ட வச்சு எந்த நோய் இல்லன்னுதான் சொல்ல முடியும். ஏன் பிடுங்குதுன்னு அதுல வராது."

பிறகு இறக்கையைத் தூக்கி உட்புறத் தோலைப் பார்த்தார். தடித்து, மினுமினுவென்று இருந்தது.

"எவ்ளோ நாளா இப்படி?"

"எட்டு மாசமா. சித்தப்பா போனதுலேர்ந்து."

"எட்டு மாசத்துல இப்படி ஆகாது. இறகு முளைக்கிற குழியெல்லாம் தழும்பாயிடுச்சு பாருங்க. ரெண்டு வருஷமாவது இருக்கும்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் அந்த இரண்டு வருஷத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். சித்தப்பா உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே அது தன்னைப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சாவு வீட்டில் சித்தியிடம் எத்தனையோ பேர் எதையெதையோ சொன்னார்கள். அதில் கொஞ்சமாவது ஆறுதலாக இருந்தது இந்தக் கிளிக்கதை ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியிருந்தது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வைப்பது?

ராத்திரி தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். 2003-இல் வெளியான கலிபோர்னியா ஆய்வு ஒன்று: ஒரே மாதிரி வளர்ந்த இளம் அமேசான் கிளிகளில் ஒரு பகுதிக்குத் தீனியைத் தேடி, உடைத்து, உரித்து எடுக்கும்படி வைத்தார்கள், கூண்டிலும் ஏறி இறங்க, கொறிக்கப் பொருட்கள் வைத்தார்கள். மற்றவற்றுக்கு வெறும் கூண்டு, கிண்ணத்தில் தீனி. வெறும் கூண்டுக் கிளிகளின் இறகு கெட்டது. பிறகு அவற்றுக்கும் அதே வேலைகளைக் கொடுத்தபோது தேறியது. 2021-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 50 இனங்களைச் சேர்ந்த 1,000-க்கும் மேற்பட்ட வீட்டுக் கிளிகளை ஒப்பிட்டார்கள். மூளை பெரிய இனங்கள் கம்பியைக் கடிப்பது, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் நடப்பது போன்றவற்றை அதிகம் செய்தன. இறகைக் கெடுத்துக்கொண்டவையோ, காட்டில் கொட்டையை உடைத்து ஓட்டை உரித்துச் சாப்பிட நேரம் பிடிக்கும் இனங்கள்.

அதாவது அலகுக்கு வேலை வேண்டும். காட்டுச் சாம்பல் கிளி கூட்டமாக வெகுதூரம் பறந்து எண்ணெய்ப்பனைப் பழங்களைத் தேடித் தின்னும். 2016-இல் அந்தக் காட்டுக் கிளிகளின் சர்வதேச வியாபாரத்தையே தடை செய்தார்கள். அவ்வளவு பிடித்துத் தீர்த்திருந்தோம். மணிக்கு நாள் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை ஒரு கிண்ணத்தில் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மீதி நேரத்துக்கு உரிக்கக் கிடைப்பது தன் உடம்பு மட்டும்தான். இழப்பும் ஒரு காரணமாகலாம், டாக்டரே சொன்னார். ஆனால் எல்லாவற்றையும் ஒரு சாவில் கொண்டுபோய் முடிப்பது கிளிக்குச் செய்யும் மரியாதையாக எனக்குப் படவில்லை. அழுவதைத் தவிர அதற்கு வேறு வாழ்க்கையே இல்லை என்று ஆகிவிடுகிறது.

மறுநாள் சித்தியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"கூட்டுறது நான்டா. எனக்குத் தெரியாதா? அவர் பேப்பர் படிச்சிட்டிருப்பாரு, இது பக்கத்துல உக்காந்து பிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கும். என்னங்கன்னா, 'சீசன்டி, கொட்டும்'பாரு. தெனம் ஒரு முறம் அள்ளியிருக்கேன்."

"அப்புறம் வந்தவங்க அப்படிச் சொல்றப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

"துக்கத்துக்கு வந்தவங்களும் எதையாவது சொல்லணுமில்ல. என்ன சொல்றதுன்னு தெரியாம நிக்கறாங்க, பாவம்." ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். "இது அவர நினைக்கலன்னு நான் சொல்லல. காபி ஆச்சான்னு கேக்குதே."

கூண்டு இப்போது பின்னறை ஜன்னலோரம் இருக்கிறது. ஆறரைக்கு விளக்கை அணைத்து, கறுப்புத் துணி போட்டுவிடுவாள். கிண்ணத்தை எடுத்தாயிற்று. தீனி பாக்குமட்டைத் தொன்னையில், கொட்டாங்குச்சியில், பேப்பர் பொட்டலத்தில், தோகை உரிக்காத சோளக்கதிரில் ஒளிந்திருக்கும். சாம்பல் கிளிக்குப் புதுப்பொருள் என்றால் பயம். முதல் வாரம் பொட்டலத்தைக் கண்டு கத்தித் தீர்த்தது. கேரட், முருங்கைக்கீரை, பச்சைமிளகாய் எல்லாம் தின்கிறது. பறவைக்குக் காரம் தெரியாது. காலையில் பூவாளியால் ஒரு மழை. கழுத்தில் மாட்டும் பட்டை பற்றி நான் கேட்டதற்கு, சதையைக் கிழித்தால் மட்டும்தான் என்றுவிட்டார் டாக்டர். பட்டை அலகைத்தான் தடுக்கும், காரணத்தைத் தடுக்காது. மனிதர்களின் எண்ணச்சுழற்சி நோய்க்குக் கொடுக்கும் குளோமிப்ரமின் மருந்தைக் காக்கட்டூக்களுக்குக் கொடுத்துப் பார்த்து ஓரளவு பலனும் கண்டிருக்கிறார்கள். மணிக்கு அது இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

தொடையில் முள் முள்ளாகப் புது இறகு வந்திருக்கிறது. இறக்கைக்கு அடியில் வராது, குழி மூடிவிட்டது. காட்டில் எட்டாத தலையைக் கூட்டாளி கோதிவிடும். இங்கே சித்தியின் கட்டைவிரல். மணி கண்ணை மூடித் தலையைக் குனிந்து கொடுக்கும்.

இந்த இனம் நாற்பது, ஐம்பது வருஷம்கூட இருக்கும். சித்திக்கு அறுபத்து மூன்று. "எனக்கப்புறம் இத யாருடா பாத்துப்பா?" என்று கேட்டாள். இன்னும் நான் பதில் சொல்லவில்லை. தினமும் காலையில் பின்னறையைக் கூட்டி, விழுந்த இறகுகளை எண்ணி, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைக்கிறாள். நேற்று ஏழு. முந்தாநாள் பதின்மூன்று. பெயின்ட் அடிக்க ஆள் வந்த வாரத்தில் ஒரே நாள் முப்பத்தொன்று.