"நகரு, நானே செஞ்சிடறேன்!"

என் பெண் பி.ஈ. கடைசி வருஷம் படிக்கிறாள். போன வருஷம் நாலு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய புராஜெக்டை இவள் ஒருத்தியே ராக்கண் விழித்து முடித்தாள். மற்ற மூன்று பேருக்கும் அதே மார்க்! "எல்லாத்தையும் என் பொண்ணு தலையிலே கட்டிட்டாங்க" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி மாய்ந்து போனேன். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும்தான்.

இந்த வருஷம் ஒரு கம்பெனி, ஆள் எடுக்கக் கல்லூரிக்கே வந்தது. பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்து ஒரு விஷயத்தை விவாதிக்கச் சொன்னார்களாம். இவள் யாரையும் பேச விடவில்லை. தேர்வானவர்கள் பட்டியலில் இவள் பெயரும் இல்லை. அழுதுகொண்டே வந்தாள்.

அவளுடைய ஆசிரியை என்னிடம் சொன்னது சுருக்கென்று தைத்தது. "வேலை செய்யாதவங்களுக்கு மட்டும் இல்லைம்மா, எல்லாத்தையும் தானே இழுத்துப் போட்டுக்கிறவங்களுக்கும் கூடி வேலை செய்யத் தெரியலேன்னுதான் அர்த்தம்."

ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சுக்காரர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்துப் பார்த்து 1913-ல் எழுதியதையும் அவர் சொன்னார். பலர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் அளவு பலம் வரவில்லையாம். எல்லோரும் ஒரே நேரத்தில் தம் பிடிக்காதது ஒரு காரணம். 'நம்ம பங்கு யாருக்குத் தெரியப் போகுது' என்ற எண்ணம் இன்னொன்று. நம் ஊர்த் தேர் வடத்திலும் சும்மா கை வைப்பவர்கள் உண்டே!

அதனால் இந்த வருஷப் புராஜெக்டுக்கு முறையையே மாற்றிவிட்டார். யார் எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாரம் ஒருவர் தலைமை. முடிவில் ஒருவருக்கொருவர் மார்க் போட வேண்டும்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். சின்ன வயசில் ஆசையாகச் சப்பாத்தி இட வந்தவளை, "கோணல் மாணலா வருது, நகரு, நானே செஞ்சிடறேன்" என்று விரட்டியவள் நான்தானே? அப்புறம் "ஒத்தாசைக்கு ஒருத்தரும் இல்லை" என்று புலம்பியதும் நான்தான். அதைப் பார்த்துத்தானே அவள் வளர்ந்தாள்!

இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் நாலு பேருக்கும் பங்கு. அவருக்குத் தேங்காய்த் துருவல், பையனுக்குக் காய், பெண்ணுக்குக் குழம்பு. எனக்குப் பாத்திரம் மட்டும்தான், மேற்பார்வை கிடையாது! போன வாரம் பையன் வெண்டைக்காயை நறுக்கிவிட்டுக் கழுவினான். ஒரே கொழகொழப்பு. வாயைத் திறக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெண்தான், "பரவாயில்லடா, அடுத்த தடவை முதல்ல கழுவித் துடைச்சிட்டு நறுக்கு" என்றாள்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் வேறொரு கம்பெனி வருகிறது. கிடைக்கிறபோது கிடைக்கட்டும். ஆனால் அன்றைக்கு அவள் "நகரு" என்று சொல்லவில்லை பாருங்கள், அதுவே எனக்குப் போதும்.