எண்பதில் ஆடிய வண்டி

கொஞ்சம் நீளமான பதிவு. பைக் ஓட்டுகிறவர்களும், வீட்டில் பைக் ஓட்டும் பிள்ளை இருப்பவர்களும் முழுசாகப் படியுங்கள். மற்றவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன தை மாதம் செய்யூரில் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசம். நானும் மனைவியும் மந்தைவெளியிலிருந்து விடியற்காலையிலேயே பைக்கில் கிளம்பிவிட்டோம். வண்டி 150 சிசி. கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு வண்டி மேல் இல்லை என்பது போகப் போகத் தெரியும். வண்டிக்குப் பின்னால் கேரியரில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி மாட்டியிருந்தேன். அதற்குள் தி.நகரில் வாங்கிய ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கு, பழங்கள், மாற்றுத் துணி, தண்ணீர் பாட்டில்.

திருவான்மியூர், ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி என்று ஐம்பதிலேயே போனோம். முட்டுக்காடு பாலம், கோவளம் தாண்டியதும் ரோடு காலி. முன்னால் ஒரு வேன். அதைத் தாண்ட முறுக்கினேன். 80 வந்தது. (இந்த வயதில் எதற்கு 80 என்று கமெண்ட்டில் எழுதப் போகிறவர்களுக்கு: தெரியும். வீட்டிலும் சொல்லிவிட்டார்கள்.)

வேனைத் தாண்டி ஆக்சிலரேட்டரை லேசாக விட்டேன். ஹேண்டில் நடுங்க ஆரம்பித்தது. முதலில் கைக்கு மட்டும் தெரிகிற அளவு. அடுத்த நொடியில் ஹேண்டில் இடதும் வலதுமாக அடிக்கிறது. என் கையில் இருப்பது ஹேண்டிலா, யாரோ உள்ளிருந்து உலுக்கும் கதவா என்று தெரியவில்லை. பயத்தில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். ஆட்டம் இன்னும் பெரிதானது. பின்னாலிருந்து "என்னங்க..." என்று ஒரே ஒரு குரல், அவ்வளவுதான். பிரேக் பிடிக்காமல் இருந்தது அறிவினால் அல்ல, விரல்கள் ஹேண்டிலை விட்டு எழவில்லை. வேகம் தானாகக் குறைந்து அறுபதுக்குக் கீழே வந்ததும் எதுவுமே நடக்காதது போல வண்டி அடங்கிவிட்டது.

ஓரமாக நிறுத்தினேன். "என்ன ஆச்சு?" என்றார் மனைவி. "ரோடு சரியில்லை" என்றேன். அவர் குனிந்து ரோட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் பொய் சொன்னேன் என்றால், மகன் இரண்டு வருஷமாகவே "வண்டியை விட்டுடுங்கப்பா, டாக்சி புக் பண்ணிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். இது தெரிந்தால் சாவி அன்றைக்கே போய்விடும். ஓய்வு பெற்றவனுக்கு ஒரு பைக் சாவி என்னவென்று ஓய்வு பெற்றவர்களுக்குத் தெரியும்.

ஊர் திரும்பியதும் மயிலாப்பூரில் ஒரு மெக்கானிக்கிடம் யாருக்கும் தெரியாமல் காட்டினேன். காற்று சரி பார்த்தார், ஏறி உட்கார்ந்தார், கபாலி குளத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். "ஒண்ணும் இல்லை சார், வண்டி கல்லு மாதிரி இருக்கு." அவர் மேல் தப்பில்லை. இந்த நோய் எழுபது எண்பதில்தான் எழுந்து உட்காரும். லஸ்ஸிலும் மாட வீதியிலும் நாற்பது போனாலே பெரிய விஷயம். நம் தெருக்களில் எத்தனை வண்டிகள் இந்த வியாதியோடு சாதுவாக ஓடிக்கொண்டிருக்கின்றனவோ!

எனக்கு அந்த "ஒண்ணும் இல்லை" போதுமானதாக இருந்தது. மூன்று வாரம் அப்படியே விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை காபி குடிக்க வந்தவன், ஆணியில் சாவி இல்லாததைப் பார்த்தேன். "அவன் வண்டி சர்வீஸ்ல இருக்காம். உங்க வண்டியை எடுத்துட்டு சிநேகிதனோட பாண்டிச்சேரி போயிருக்கான். நாலரைக்கே கிளம்பிட்டான். நீங்க தூங்கிட்டிருந்தீங்க" என்றார் மனைவி.

போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். பிறகு, ஓட்டும்போது பாக்கெட்டில் போன் அடித்தால் அதுவே ஆபத்தாகிவிடுமோ என்று நிறுத்தினேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி செய்தேன். பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். பெட்டி நிறையத் துணி வைத்திருப்பான். கோவளம் தாண்டினால் ரோடு காலி. எல்லாக் கணக்கும் எனக்குத் தெரியும், அவனுக்கு ஒன்றும் தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன், வீட்டுப் பிள்ளைக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

ஏழே காலுக்கு அவனே கூப்பிட்டான். மரக்காணம் பக்கத்தில் டீ குடிக்க நின்றிருக்கிறான். "என்னப்பா, ஆறு மிஸ்டு கால்?"

சொன்னேன். தை மாதம் நடந்ததையும், மறைத்ததையும் சேர்த்தே சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னான்: "எனக்கும் மகாபலிபுரம் தாண்டி லேசா ஆடுச்சுப்பா. ரோடு சரியில்லைன்னு நினைச்சேன்."

திட்டியிருந்தால் தேவலை. சிநேகிதனை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஐம்பதைத் தாண்டாமல் தனியாகத் திரும்பி வந்தான். அன்று சாயங்காலம்தான் மனைவி வாய் திறந்தார்: "எனக்கு அன்னிக்கே தெரியும். அந்த ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது."

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஆட்டத்துக்கு வாபிள் என்று பெயர். முன்சக்கரமும் ஃபோர்க்கும் ஹேண்டிலும் சேர்ந்து நொடிக்கு நாலு முதல் பத்து தடவை வரை இப்படியும் அப்படியும் அடிப்பது. முழு வண்டியும் பாம்பு போல நெளிந்து போவது வேறு, அது வீவ், அதைவிட மெதுவானது. 1971இல் ஆர்.எஸ்.ஷார்ப் என்பவர் இவை இரண்டையும் சமன்பாடு போட்டுப் பிரித்துக் காட்டினார். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் வேகமாகத் தள்ளும்போது ஒரு முன்சக்கரம் மட்டும் பைத்தியம் பிடித்தது போல ஆடுமே, அதன் நெருங்கிய சொந்தம்தான் வாபிள். விமானத்தின் மூக்குச் சக்கரத்துக்கும் இந்த வியாதி உண்டு, அதனால் அதற்கென்றே டேம்பர் வைக்கிறார்கள்.

முன்சக்கரம் தரையைத் தொடும் இடம், ஹேண்டில் திரும்பும் அச்சு தரையில் விழும் இடத்துக்குச் சுமார் பத்து சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். அதனால்தான் சக்கரம் இழுத்த இழுப்புக்குப் பின்னாலேயே வந்து தானாக நேராகிறது. ஆனால் நேராகும் வேகத்தில் நடுக்கோட்டைக் கொஞ்சம் தாண்டிப் போய்விடும், மறுபடி திரும்பும். நல்ல வண்டியில் இது இரண்டு மூன்று ஆட்டத்தில் தேய்ந்துவிடும். எங்கோ தளர்ச்சி இருந்தால், குறிப்பிட்ட வேகத்தில் தேய்வதற்குப் பதில் வளரும்.

நான் வகுப்பில் ஒத்ததிர்வு நடத்தும்போது, அமெரிக்காவில் 1940 நவம்பர் 7 அன்று காற்றில் முறுக்கிக்கொண்டு விழுந்த டகோமா பாலத்தைத்தான் உதாரணம் சொல்வேன். காற்றின் துடிப்பும் பாலத்தின் அதிர்வெண்ணும் ஒன்றானதால் விழுந்தது என்பேன். அது சரியில்லை என்று 1991லேயே பில்லா, ஸ்கான்லன் என்ற இருவர் எழுதிவிட்டார்கள். நான் படித்தது ஓய்வுக்குப் பிறகுதான். காற்று தாளம் போடவில்லை, சீராகத்தான் அடித்தது. பாலம் தன் அசைவினாலேயே அந்தக் காற்றிலிருந்து சக்தியை எடுத்து, தன்னைத் தானே ஆட்டிக்கொண்டது. வாபிளும் அந்த ஜாதிதான். வெளியிலிருந்து யாரும் உலுக்க வேண்டாம். வண்டியின் வேகமே தீனி. என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஒரு பாடத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இறுக்கிப் பிடித்தது ஏன் உதவவில்லை? ஒரு ஆட்டம் முடிய கால் நொடிகூட ஆவதில்லை. நாம் உணர்ந்து கையை அசைக்கவே ஐந்தில் ஒரு பங்கு நொடியாவது ஆகும். நாம் "திருத்துவது" எப்போதும் தாமதமாகப் போய்ச் சேரும், பல சமயம் ஆட்டத்துக்கே துணை போகும். ஹேண்டிலை விடவும் கூடாது, நெரிக்கவும் கூடாது. முழங்காலால் டேங்கைக் கவ்வி, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, ஆக்சிலரேட்டரை மெதுவாகக் குறைக்க வேண்டும். முன் பிரேக்கைத் தொடவே கூடாது. முறுக்கினால் அடங்கும் என்பார்கள் சிலர். முன்னால் லாரி போகும் நம் ஊர் ரோட்டில் அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ராயப்பேட்டையில் வேறொரு மெக்கானிக்கிடம் மகனே அழைத்துப் போனான். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. "எந்த ஸ்பீடுல ஆடுது? முறுக்கும்போதா, விடும்போதா? பின்னாடி ஆள் இருந்தாங்களா?" என்று டாக்டர் மாதிரி கேட்டார். பதில்களைக் கேட்டுவிட்டு நேராக வண்டியின் பின்பக்கம் போனார். "ஹேண்டில் ஆடுதுன்னு எல்லாரும் ஹேண்டிலையே பிடிச்சிக்கிறாங்க சார். பாதி நேரம் ஆரம்பம் பின்னாடி இருக்கும்."

பின் டயரைத் தடவிக் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய முதுகு, நேர் ரோட்டிலேயே ஓடி, நடுவில் பலகை போலத் தட்டையாகியிருந்தது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். என் டயரில் 2217. அதாவது 2017இன் 22ஆவது வாரம். பட்டன் தேயவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து செயின். பின் அச்சின் இரண்டு பக்கமும் அளவுக் கோடுகள் உண்டு. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்றரைக் கோடு தள்ளி. பின்சக்கரம் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு ஓடியிருக்கிறது. "யார் சார் டைட் பண்ணது?" நான்தான். வீட்டு வாசலில், ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு, பெருமையாக.

பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளி இழுத்தார். ஸ்விங் ஆர்ம் புஷ்ஷில் மயிரிழை ஆட்டம். பிறகுதான் முன்னால் வந்தார். எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் "டக்" என்றது. ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்பச் சொன்னார். நடுவில் வரும்போது ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து நின்றது. கோன் செட்டில் குண்டுகள் உட்காரும் கிண்ணத்தில் குழி விழுந்திருக்கிறது. வருஷக்கணக்காக வேகத்தடைகளில் வாங்கிய அடி.

கடைசியில் பெட்டியைத் தட்டினார். "இதைக் கழட்டிடுங்க சார்." பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் எடை, நெம்புகோல் மாதிரி முன்சக்கரத்தை லேசாக்குகிறது. ஆறாம் வகுப்புக்கே நான் நடத்திய பாடம். குத்துவிளக்கு ஜோடியை வைக்கும்போது ஞாபகம் வரவில்லை.

எது காரணம் என்று கேட்டேன். "எதுவும் இல்லை, எல்லாம்தான்" என்றார். ஒவ்வொன்றும் தனியாக இருந்திருந்தால் வண்டி பொறுத்துக்கொண்டிருக்குமாம்.

ஜி.பி. ரோட்டில் கோன் செட்டும் புஷ்ஷும் மகன் வாங்கி வந்தான். பின் டயர் புதுசு. கோன் நட்டை முடுக்கும்போது கவனித்தேன்: முடுக்குவார், ஹேண்டிலை நடுவில் வைத்து லேசாகத் தட்டுவார், அது தன் எடையிலேயே ஓரத்துக்குச் சாய்கிறதா என்று பார்ப்பார். சாயாவிட்டால் கொஞ்சம் தளர்த்துவார். "லூசா இருந்தாலும் ஆடும், டைட்டா இருந்தாலும் வண்டி நேரா போகாது சார்." அந்தக் காலத்து புல்லட்டிலும் ஜாவாவிலும் ஹேண்டில் நடுவில் இதற்கென்றே ஒரு திருகு உண்டு, ஸ்டீரிங் டேம்பர். சின்ன வயதில் அதைச் சும்மா திருகி விளையாடியிருக்கிறேன். ஆனால் அவர் சொன்னது சரி: தளர்ந்த வண்டிக்கு டேம்பர் போடுவது காய்ச்சலை மறைக்க மாத்திரை போடுவது மாதிரி. எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் ஆனது.

ஒரு ஞாயிறு விடியலில் ஈ.சி.ஆரில் முதலில் அவர் தனியாக ஓட்டிப் பார்த்தார். பிறகு மகன். நான் உத்தண்டி பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியவன், "எண்பத்தஞ்சு வரைக்கும் போனேன். கையில ஒண்ணும் தெரியலை" என்றான். சாவியை என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது அவனையே ஓட்டச் சொன்னேன்.

சாவி இப்போதும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. பெட்டி சமையலறையில் இருக்கிறது, வெங்காயம் போட்டு வைக்கிறார்கள். மனைவி ஒரு மாதம் பின்னால் ஏறவில்லை. போன வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ஆட்டோ கிடைக்காமல் ஏறினார். லஸ் திரும்பும்போது தோளைத் தொட்டு, "இப்ப எவ்வளவு?" என்றார்.

"முப்பது."

"ம்."